மேற்கே உதித்த சூரியன்

வா கண்ணு, இப்படிப் பக்கத்தில் உட்கார். "அணுகுண்டு வெடித்தால் ஓட வேண்டுமா, ஒளிய வேண்டுமா?" என்று கேட்டாயே, பெரியவர்களே கேட்கத் தயங்கும் கேள்வி அது. பயத்தை மனசுக்குள் பூட்டி வைக்காமல் கேட்டாய் பார், அதற்கே ஒரு சபாஷ்! பதிலைக் கதையாகச் சொல்கிறேன். ஆனால் உண்மையில் நடந்த கதை.

பசிபிக் கடலின் நடுவே மார்ஷல் தீவுகள் இருக்கின்றன. பவளப் பாறை மேல் உருவான தாழ்வான தீவுகள். எங்கு பார்த்தாலும் தென்னை. அவற்றில் ஒன்று ரோங்கெலாப்.

1954 மார்ச் 1. விடிகிற நேரம். ரோங்கெலாப் மக்கள் மேற்குப் பக்கம் வானம் பளீரென்று எரிவதைப் பார்த்தார்கள். சூரியன் எங்காவது மேற்கே உதிக்குமா? அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்திருந்தது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. கணக்குப் போட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக வெடித்துவிட்டது.

சில மணி நேரம் கழித்து, வானத்திலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. கோலமாவை யாரோ மேலிருந்து சலிப்பதுபோல! குழந்தைகளுக்கு ஒரே குஷி. அள்ளி விளையாடினார்கள். மழைநீர்த் தொட்டியிலும் பொடி விழுந்தது. அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தார்கள். அந்த ஊரிலும் நம் ஊர்போலத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய்த் தலையில் பொடி அப்படியே அப்பிக்கொண்டது.

பிறகு உடம்பு அரித்தது. கண் எரிந்தது. வாந்தி வந்தது. இரண்டு வாரம் போனதும் தோலில் புண், தலையில் கொத்துக் கொத்தாக முடி உதிர்வு.

அந்தப் பொடி என்ன? பவளம்தான். பவளப் பாறை ஒருவகைச் சுண்ணாம்பு. குண்டு அந்தப் பாறையின் மேலேயே வெடித்தது. சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிய பள்ளம். அங்கே இருந்த பாறையெல்லாம் தூளாகி, மேகத்தோடு மேலே போனது. குண்டிலிருந்து பிறந்த கதிரியக்கப் பொருள்கள், அதாவது உடம்பைக் கெடுக்கும் கதிர்களை வீசும் பொருள்கள், அந்தத் தூளில் ஒட்டிக்கொண்டன. அப்புறம் காற்று எந்தப் பக்கமோ பொடியும் அந்தப் பக்கம். நீ பட்டம் விடுகிறாயே, மொட்டை மாடியில் காற்று ஒரு பக்கம் வீசும், மேலே பட்டத்தை வேறு பக்கம் இழுக்கும், கவனித்திருக்கிறாயா? அன்று மேல்காற்று கிழக்கே இழுத்தது. ரோங்கெலாப் கிழக்கேதான் இருந்தது. சூரைமீன் பிடிக்க வந்திருந்த ஒரு ஜப்பானியப் படகும் அதே பக்கம் இருந்தது. அதில் 23 பேர். அவர்கள் மேலும் அதே பொடி விழுந்தது.

இதுவரை புரிகிறதா? இங்கே ஒரு சின்ன விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சம் உன்மேல் படுகிறது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் உன்மேல் ஒட்டிக்கொண்டிருக்குமா? இருக்காது. கதிர்வீச்சு அப்படித்தான். ஆனால் கதிரியக்கத் தூசி மாங்காய்ப் பால் மாதிரி. மாங்காய் பறிக்கும்போது கையில் வழிந்தால், கழுவும்வரை அங்கேயே இருந்து தோலைப் புண்ணாக்கும். தூசி ஒட்டியிருக்கும்வரை கதிர்வீச்சும் கூடவே வந்துகொண்டிருக்கும். தூசியை அகற்றிவிட்டால்?

ஆமாம், நீயே கண்டுபிடித்துவிட்டாய்!

இன்னும் கிழக்கே ரோங்கெரிக் என்று ஒரு தீவு. அங்கே வானிலை பார்ப்பவர்கள் உட்பட 28 அமெரிக்கர்கள் இருந்தார்கள். அங்கும் பொடி விழுந்தது, ரோங்கெலாப்பைவிடக் குறைவாக. அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆபத்து என்று தெரியும். அலுமினியக் கொட்டகைக்குள் போனார்கள், குளித்தார்கள், உடை மாற்றினார்கள். அவர்களுக்கு வந்த தோல் புண் மிக லேசானது. ரோங்கெலாப்பிலேயே, வீட்டுக்குள்ளோ மரத்தடியிலோ இருந்தவர்களுக்குப் புண் குறைவு. கடல் தண்ணீரில் கால் அளைந்து விளையாடிய குழந்தைகளுக்குப் பாதத்தில் புண் குறைவு. தண்ணீர் பொடியைக் கழுவிவிட்டது, அவ்வளவுதான். "வெளியே வராதீர்கள், கழுவிக்கொள்ளுங்கள்" என்று இரண்டே வாக்கியம் ரோங்கெலாப் மக்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் கப்பலில் ஏற்றிப் போனார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். ஓட வேண்டாம். உள்ளே போ. கான்கிரீட் கட்டடம் இருந்தால் நல்லது. தூசி மொட்டை மாடியிலும் தெருவிலும்தான் படியும். அதனால் இரண்டிலிருந்தும் தள்ளி, ஜன்னல் இல்லாத நடு அறைதான் சிறந்தது. வெளியே இருந்து வந்தவர் மேலுடையைக் கழற்றிப் பையில் கட்டித் தூரமாக வைத்தாலே பெரும்பகுதித் தூசி போய்விடும். பிறகு சோப்பும் தண்ணீரும். தலைக்கு ஷாம்பு போடலாம். கண்டிஷனர் மட்டும் வேண்டாம், அது தூசியை முடியோடு ஒட்ட வைத்துவிடும். ரோங்கெலாப்பின் எண்ணெய்த் தலை நினைவுக்கு வருகிறதா? திறந்து கிடந்த உணவும் நீரும் வேண்டாம். மூடி வைத்ததைச் சாப்பிடலாம். அயோடின் மாத்திரை என்று ஒன்று உண்டு. அது கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை மட்டும் காக்கும். அதிகாரிகள் சொன்னால்தான் போட வேண்டும்.

எவ்வளவு நேரம் உள்ளே இருப்பது? பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள். அடித்தவுடன் காதைத் துளைக்கும். பிறகு ரீங்காரம் தேய்ந்துகொண்டே போகும். தூசியின் வேகமும் அப்படித்தான். வெடித்து ஒரு மணி நேரத்தில் கதிர்வீச்சு 1000 பங்கு இருந்தது என்று வை. 7 மணி நேரத்தில் ஏறக்குறைய 100 ஆகிவிடும். அதை மறுபடி ஏழால் பெருக்கு: 49 மணி, அதாவது இரண்டு நாள். அப்போது 10. இன்னொரு முறை ஏழால் பெருக்கினால் 343 மணி, இரண்டு வாரம். அப்போது 1. பார்த்தாயா, முதல் ஒரு நாள் உள்ளே இருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காவல். ரேடியோவில் "வரலாம்" என்று சொல்லும்வரை பொறுத்திரு.

ஆனால் எல்லாமே இப்படி வேகமாகத் தேய்வதில்லை. அந்தத் தூசியில் இருக்கும் அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் எட்டு நாளுக்கொரு முறை பாதியாகும். சீசியம்-137 என்ற இன்னொன்று பாதியாவதற்கு 30 ஆண்டு பிடிக்கும். ரோங்கெலாப் மக்களை 1957-இல் ஊருக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். மண்ணில் சீசியம் இருந்தது. பயந்துபோன மக்கள், 1985-இல் தாங்களாகவே தீவை விட்டுப் புறப்பட்டார்கள்.

மண்ணில் இருந்தால் என்ன என்கிறாயா? தென்னைக்குப் பொட்டாசியம் பிடிக்கும். பவள மண்ணில் அது மிகக் குறைவு. சீசியமோ பொட்டாசியத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி. பசித்த தென்னை ஆளை மாற்றிப் பிடித்து, சீசியத்தை உறிஞ்சித் தேங்காய்க்குள் வைத்துவிடும். விஞ்ஞானிகள் பிகினியில் ஒரு சோதனை செய்தார்கள். தென்னைகளுக்குப் பொட்டாசியம் உரம் போட்டார்கள். வயிறு நிறைந்த மரம் சீசியத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டது! எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

மீதிச் சீசியத்தைக் காலம்தான் கரைக்க வேண்டும். 1954-இல் விழுந்தது 1984-இல் பாதி, 2014-இல் கால். அரைக்கால் ஆவது 2044-இல். அப்போது உனக்கு என்ன வயது? கணக்குப் போட்டுச் சொல், கண்ணு.