ஒரே வீச்சில் 5 பொய் மீன்: அமெரிக்காவைக் கலக்கிய ‘குடைத் தூண்டில்’ நம்ம புன்னக்காயல் கொடுவாவுக்கு சரிப்படுமா?

ரீல்ஸ் பார்க்கிறவர்கள் கண்ணில் இது எப்படியும் ஒருமுறையாவது பட்டிருக்கும். ஏரி நடுவே படகில் நிற்கும் ஒரு அமெரிக்கக்காரர், குடைக்கம்பி மாதிரி ஒன்றைச் சுழற்றி வீசுவார். அதில் ஐந்து ரப்பர் மீன்கள் தொங்கும். சுருட்டி இழுத்தால் ஒன்றுக்கு இரண்டாக மீன் மாட்டி வரும். கீழே கமெண்டில் நம்ம ஊர்க்காரர்கள், "இது நம்ம ஆத்துல வேலை செய்யுமா ப்ரோ?" என்று கேட்டிருப்பார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் அர்த்தம் இருக்கிறது. காயல்பட்டினத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் புன்னக்காயலில்தான் தாமிரபரணி கடலில் கலக்கிறது. ஆறும் கடலும் சேரும் அந்த இடம் கொடுவா மீனுக்குப் பிடித்த இடம். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வருபவர்களும், ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்களும் புதுப்புது தூண்டில் சாமான்களோடு கரையில் நிற்பது இப்போது சாதாரணம். இந்தக் குடைத் தூண்டில் என்றால் என்ன, அமெரிக்காவிலேயே அதற்கு ஏன் தடை வந்தது, நம்ம கழிமுகத்துக்கு அது பொருந்துமா? பார்ப்போம்.

முதலில், அது என்ன சாமான்?

துணியைக் கழற்றிவிட்ட குடையைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மீன் தலை வடிவில் ஒரு குண்டு. அதிலிருந்து ஐந்து மெல்லிய கம்பிகள் விரிந்து போகும். ஒவ்வொரு கம்பி முனையிலும் சுழலும் கொக்கி, அதில் ஈயத்தலை முள், முள்ளில் மாட்டிய ரப்பர் மீன். தண்ணீரில் இழுக்கும்போது ஐந்தும் வாலை ஆட்டிக்கொண்டு, ஒரு குட்டி மீன் கூட்டம் நீந்திப் போவது போலத் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கு ‘அலபாமா ரிக்’ என்று பெயர். ‘அம்பர்லா ரிக்’ என்றும் சொல்வார்கள். யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் கோடுபோட்ட பாஸ் மீனுக்காகப் படகின் பின்னால் கட்டி இழுக்கும் குடைத் தூண்டில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அலபாமாவைச் சேர்ந்த ஆண்டி பாஸ் என்பவர், அதையே கையால் வீசக்கூடிய அளவுக்குச் சுருக்கி, நன்னீர் ஏரிக்குக் கொண்டுவந்தார்.

2011-ல் என்ன நடந்தது?

அக்டோபர் 2011. அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் பெரிய பாஸ் மீன்பிடிப் போட்டி. பால் எலியாஸ் என்ற மூத்த போட்டியாளர் இந்தத் தூண்டிலோடு இறங்கி, 4 நாளில் 20 மீன்களில் 102 பவுண்டு 8 அவுன்ஸ் எடை காட்டி ஜெயித்தார். நம்ம கணக்கில் சுமார் 46 கிலோ, சராசரியாக மீனுக்கு இரண்டே கால் கிலோவுக்கு மேல். அந்த ஏரி பாஸுக்கு அது பெரிய எடை. அடுத்த சில வாரங்களில் கடைகளில் இந்தத் தூண்டில் கிடைக்கவில்லை. ஆளாளுக்கு வீட்டில் கம்பி வளைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சண்டையும் அங்கேதான் தொடங்கியது. "இது தூண்டிலா, வலையா?" என்று ஒரு தரப்பு. "முள்ளைக் கவ்வுவதா வேண்டாமா என்று மீன்தானே முடிவு செய்கிறது?" என்று மறு தரப்பு. 2012-லேயே பாஸ்மாஸ்டர் அமைப்பு தன்னுடைய முதன்மைத் தொடரிலும், ‘கிளாசிக்’ இறுதிப் போட்டியிலும் இதைத் தடை செய்தது. ஒரு கயிற்றில் எத்தனை முள் இருக்கலாம் என்பதற்கு அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சில மாநிலங்களில் ஐந்து ரப்பர் மீன் தொங்கலாம், ஆனால் எல்லாவற்றிலும் முள் இருக்கக் கூடாது. மிச்சம் வெறும் ஏமாற்று மீன்கள்தான்.

5 முள் என்றால் 5 மீனா?

இல்லை. ரீல்ஸ் பார்த்து ஏமாறுகிற இடம் இதுதான். இரண்டு, மூன்று மீன் ஒன்றாக மாட்டுவது எப்போதாவது நடக்கும், அதைத்தான் வீடியோ போடுவார்கள். பெரும்பாலும் மாட்டுவது ஒன்றுதான்.

அப்படியானால் ஐந்து எதற்கு? வேட்டை மீனின் கண்ணுக்காக. சின்ன மீன்கள் கூட்டமாக நீந்துவதே தப்பிப்பதற்கு. நூறு மீன் ஒன்றுபோல ஓடினால், துரத்தி வருகிற பெரிய மீனுக்கு எதைக் குறிவைப்பது என்று குழப்பம் வரும். ஆனால் கூட்டத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாகவோ, வேறு நிறத்திலோ, தள்ளாடியோ போனால் அடி அதற்குத்தான் விழும். குடைத் தூண்டில்காரர்கள் செய்வது இதையே. நான்கு ரப்பர் மீன் ஒரே மாதிரி. நடுவில், கொஞ்சம் பின்தள்ளி, வேறு நிறத்தில் ஒன்று. பாஸ் பெரும்பாலும் நடு மீனைத்தான் கவ்வும். மற்ற நான்கும் கூட்டம் காட்ட வந்தவை.

குளிர்காலத்தில், சின்ன மீன்கள் திறந்த தண்ணீரில் திரளாக நிற்கும்போது இது நன்றாக வேலை செய்கிறது என்பது அமெரிக்க அனுபவம். ‘திறந்த தண்ணீர்’ என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஒரு கயிற்றில் பல முள்: நமக்கு இது புதுசா?

சிரிப்பு வரும். ஆயிரங்கால் தூண்டில் என்ற பேரே நம்முடையதுதான். நீளமான தாய்க்கயிறு, அதிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு முள், முள்ளில் சாளை மீன் துண்டு. நூற்றுக்கணக்கான முள்ளோடு கடலில் விட்டு, சில மணி நேரம் கழித்து எடுப்பார்கள். கன்னியாகுமரி, விழிஞ்சம் பக்கம் பளபளக்கும் இழை கட்டிய சின்ன முட்களை ஒரே கயிற்றில் வரிசையாகக் கோத்து, மேலும் கீழும் ஆட்டி மீன் பிடிப்பார்கள், இரைகூட வேண்டாம். ஜப்பானில் இதே வித்தைக்கு ‘சபிக்கி’ என்று பெயர்.

ஆனால் வித்தியாசம் இருக்கிறது. ஆயிரங்கால் தூண்டில் ஒரு இடத்தில் கிடந்து காத்திருக்கும். எத்தனை முள்ளோ அத்தனை வாய்ப்பு. குடைத் தூண்டில் காத்திருக்காது, ஓடி ஏமாற்றும். முதலாவது பிழைப்புக்கு. இரண்டாவது விளையாட்டுக்கு.

இங்கே பாஸ் எங்கே இருக்கிறது?

அமெரிக்கர்கள் ‘பெரிய வாய் பாஸ்’ என்று சொல்லும் மீன் வட அமெரிக்க நன்னீர் மீன். தாமிரபரணியில் அது கிடையாது. நம்ம பக்கம் அந்த இடத்தில் இருப்பது கொடுவா. ஆங்கிலத்தில் இதை ‘ஆசிய கடல் பாஸ்’ என்பார்கள், ஆஸ்திரேலியாவில் ‘பாராமுண்டி’. பெயரில்தான் பாஸ், குடும்பம் வேறு. ஆப்பிரிக்காவின் நைல் பெர்ச் மீனுக்குத்தான் இது நெருங்கின சொந்தம்.

அளவிலும் பாஸ் கிட்டவே வராது. பெரிய வாய் பாஸில் உலக சாதனை சுமார் 10 கிலோ. 1932-ல் அமெரிக்காவிலும் 2009-ல் ஜப்பானிலும் பிடிபட்டவை. கொடுவா 60 கிலோ வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. சந்தையில் வருவது பெரும்பாலும் இரண்டு, மூன்று, ஐந்து கிலோ.

கொடுவாவின் வாழ்க்கை ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிறது. கழிமுகத்தை ஒட்டிய உப்புத்தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் உப்பங்கழிக்கும் ஆற்றுக்கும் ஏறி வளரும். முட்டையிடும் வயது வந்ததும் திரும்ப உப்புத்தண்ணீருக்கு வரும். தாமிரபரணியில் அந்த ஏற்றத்துக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஒரு சுவர். 19-ம் நூற்றாண்டில் கட்டிய அந்த அணைக்கட்டைத் தாண்டி மேலே போவது எந்த மீனுக்கும் சுலபமில்லை. ஆக, கொடுவாவுக்கு மிச்சம் இருப்பது அதற்குக் கீழே உள்ள கடைசித் துண்டு ஆறும் கழிமுகமும்தான். டிசம்பர் 2023-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது ஆறு எது, குளம் எது, கடல் எது என்று தெரியாமல் போனது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்கள் தவிர, இந்த மீனின் உலகம் ரொம்பச் சின்னது.

பெரிய கொடுவா பிடித்தால் என்ன தப்பு?

இந்த விஷயம் மீன் சாப்பிடுகிற பலருக்கும் தெரியாது. கொடுவா பிறக்கும்போது பெண்ணாக இருப்பதில்லை. முதலில் ஆணாக முதிர்ச்சி அடையும். சில வருஷம் ஆணாகவே முட்டையிடும் காலத்தில் பங்கெடுத்துவிட்டு, பிறகு பெண்ணாக மாறும். இரண்டு, மூன்று கிலோவில் இருப்பவை பெரும்பாலும் ஆண். நான்கைந்து கிலோவைத் தாண்டியவை பெரும்பாலும் பெண்.

அப்படியென்றால், "பெருசா மாட்டிக்கிச்சு" என்று தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுக்கும் மீன் எது? முட்டையிடுகிற மீன். ஒரு பெரிய பெண் கொடுவா ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். பெரியதை மட்டும் குறிவைத்துப் பிடித்துக்கொண்டே போனால், கழிமுகத்தில் ஆண்கள் நிறைய, பெண்கள் கொஞ்சம் என்று ஆகிவிடும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இதற்காகவே இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறது. கிழக்குக் கரையில் பாராமுண்டி 58 செ.மீ.க்குக் கீழே இருந்தால் விட வேண்டும், 120 செ.மீ.க்கு மேல் இருந்தாலும் விட வேண்டும். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை பிடிக்கவே கூடாது. சின்னதை விடுவது எல்லாருக்கும் புரியும். பெரியதையும் விடச் சொல்வதற்குக் காரணம் மேலே சொன்ன பெண் கணக்குதான்.

பண்ணைக் கொடுவா வேறு கதை. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவை வளர்ப்புத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதனால் ஹோட்டலில் தட்டுக்கு வரும் கொடுவா எல்லாம் ஆற்றிலிருந்து வந்தது இல்லை. ஆனால் ஆற்றில் இருப்பது ஆற்றில் பிறந்தால்தான் உண்டு.

சரி, குடைத் தூண்டில் புன்னக்காயலில் வேலை செய்யுமா?

கொஞ்சம் செய்யும், நிறைய இடத்தில் செய்யாது.

கொடுவா மடவைக் கூட்டத்தைத் துரத்துகிற மீன். ஏற்றமும் வற்றமும் மாறுகிற நேரத்தில், முகத்துவாரத்தில் திறந்த தண்ணீரில் மடவை திரளும்போது, ஐந்து ரப்பர் மீனைப் பார்த்து அது ஏமாற வாய்ப்பு உண்டு. ஆனால் கொடுவாவின் நிஜமான குணம் பதுங்கிப் பிடிப்பது. அலையாத்தி மர வேர், பழைய கம்பம், பாறை இடுக்கு என ஒரு நிழலில் நின்று, பக்கத்தில் வரும் இரையை ‘டப்’ என்ற சத்தத்தோடு உறிஞ்சி விழுங்கும். அந்த மாதிரி இடத்தில் ஐந்து கம்பி, ஐந்து முள் கொண்ட சாமானை வீசினால் என்ன ஆகும்? முதல் வீச்சிலேயே வேரில் சிக்கும். கயிறு அறும். சாமான் அங்கேயே கிடக்கும்.

நஷ்டம் காசு மட்டும் என்றால் பரவாயில்லை. அறுந்து கிடக்கும் ஐந்து முள், ஐந்து ரப்பர் துண்டு, கம்பி எல்லாம் அந்த வேரிலேயே இருக்கும். அதே இடத்தில்தான் கழிமுகத்து மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை இழுக்கிறார்கள். சேற்றில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். விளையாட்டுக்கு வந்தவர் விட்டுப்போன முள், பிழைப்புக்கு இறங்கியவர் காலில் ஏறும். வலையில் சிக்கினால் கண்ணி கிழியும். ஆஸ்திரேலியாவில் கொடுவாவுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பொய் மீனைத்தான் வீசுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், பிடித்து விடுவது. ஒரு முள் வாயில் இருக்கும்போது மீதி நான்கு முள் துள்ளிக்கொண்டு இருக்கும். அது மீனின் கண்ணிலோ செதிலிலோ ஏறலாம், பிடித்தவர் கையிலும் ஏறலாம். கொடுவாவின் செவுள் மூடி ஓரமே கத்தி மாதிரி அறுக்கும். அதோடு இந்த முட்களும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கெல்லாம் வீசக் கூடாது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கு. கரையில் தூண்டில் போடுபவரை அது கட்டாது. அதற்காக எங்கு வேண்டுமானாலும் வீசலாம் என்றில்லை. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு, காசுவாரித் தீவு உள்ளிட்டவை 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. அனுமதி இல்லாமல் போகக் கூடாது. வ.உ.சி. துறைமுகத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கும் அதேதான். குளங்களில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் இருப்பார்கள், அவர்களைக் கேட்காமல் தூண்டில் போட்டால் தகராறுதான் மிஞ்சும்.

வாங்கியே ஆச்சு, என்ன செய்வது?

சிலர் இதைப் படிப்பதற்கு முன்பே ஆர்டர் போட்டிருப்பார்கள். ஐந்திலும் முள் வைக்க வேண்டாம். நடுவில் ஒன்றில் மட்டும் முள் வைத்து, மற்ற நான்கில் வெறும் ரப்பர் மீனைக் கோத்தால் போதும், கூட்டம் காட்டும் வேலை அப்படியேதான் நடக்கும். முள்ளின் எதிர்க்கொக்கியை கொறடால் நசுக்கிவிட்டால் மீனையும் கையையும் சுலபமாக விடுவிக்கலாம். எல்லாம் சேர்ந்து இதன் எடை 100 கிராமைக்கூடத் தாண்டும், மெல்லிய கம்பும் நைலான் நரம்பும் தாங்காது; தடித்த பின்னல் கயிறு வேண்டும். வீசும்போது பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே இதைச் சுழற்றவே வேண்டாம்.

கையில் முள் ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். கயிற்றை வெட்டிவிட்டு, முள்ளோடு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரிடம் சொல்லி டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தால் தொடவே கூடாது.