காற்றில் உதிர்ந்த மாங்காய்

கொல்லையிலிருந்து பாட்டிலுக்கு – 6

சித்திரை பிறந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் சாயங்காலக் காற்றோடு கோடை மழை வரும். மழை வேண்டும் என்று வானத்தைப் பார்த்திருந்த தோப்புக்காரரே மறுநாள் காலை மரத்தடியைப் பார்த்து நெஞ்சு கனத்து நிற்பார். சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தரையெல்லாம் பச்சைக் காய். பெரும்பாலும் பெங்களூரா, கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் மற்ற ஊர்களில் சொல்கிற அதே ரகம்.

மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகள் ஓடுவதே பெங்களூராவை நம்பித்தான். ஆனால் அவற்றுக்கு வேண்டியது ஜூன், ஜூலையில் முற்றிப் பழுக்கும் காய். ஏப்ரலில் உதிர்ந்ததில் கொஞ்சம் ஊறுகாய்க்குப் போகும். கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி பஸ் ஸ்டாண்டில் விற்கும். மிச்சம் மரத்தடியிலேயே அழுகும். சர்பத் காய்ச்ச இதைவிட நல்ல காய் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். பழுத்த பெங்களூராவில் சதை உண்டு, மணம் குறைவு. பிஞ்சிலும் அரைக்காயிலும் இருக்கிற புளிப்புதான் சர்பத்துக்கு உயிர். எலுமிச்சை உப்பு சேர்க்கிற வேலையே இல்லை.

காம்பை நறுக்கிவிட்டுக் காயை அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். காம்புப் பால் தோலில் பட்டால் எரியும், சர்பத்தில் கலந்தால் துவர்க்கும். அடிபட்ட இடத்தைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். தோல் சீவி, துண்டாக்கி, மூழ்குமளவு தண்ணீர் விட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். அலுமினியமும் செம்பும் புளிப்புக்கு ஆகாது. மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் சாறு தயார். ஒரு லிட்டர் சாற்றுக்கு 2 கிலோ சர்க்கரை போட்டு, கரையும் வரை மட்டும் சூடாக்கி, கொதிநீரில் இருபது நிமிடம் போட்டெடுத்த கண்ணாடி பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம்.

இரண்டு கிலோவா என்று கேட்பீர்கள். அந்த அளவு நாக்குக்காக அல்ல. கரைந்த சர்க்கரை 65 சதவீதத்தைத் தொட்டால், சாற்றிலுள்ள நீரை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்டுக்குப் பிழைக்க நீர் கிடைப்பதில்லை. உடம்புக்கு நல்லதென்று சர்க்கரையைப் பாதியாக்கி, பாட்டிலை அலமாரியில் வைப்பவர்கள் சில நாளில் மூடி தெறித்து நுரை வழிவதைத்தான் பார்ப்பார்கள். குறைக்கலாம், தவறில்லை, அப்போது அதன் இடம் ஃபிரிட்ஜ்.

நம் உணவுச் சட்டத்தின் அளவுகளும் இந்தக் கணக்கைத்தான் காட்டுகின்றன. சிரப், கிரஷ், ஸ்குவாஷ், கார்டியல் எதுவானாலும் பழச்சாறு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, சிரப்புக்கு 65, கிரஷ்ஷுக்கு 55, ஸ்குவாஷுக்கு 40, கார்டியலுக்கு 30 சதவீதம். கீழே இறங்க இறங்கப் பாதுகாப்புக்கு வேறு துணை வேண்டும். லிட்டருக்கு 0.6 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் அந்தத் துணை. அதற்குமேல் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. ஆஸ்துமா உள்ள வீட்டில் அறவே வேண்டாம்.

கார்டியல் என்பது சதை நீக்கித் தெளியவைத்த சாறு. கடலோடிகளுக்கு ஸ்கர்வி வராமலிருக்கக் கொண்டுபோன எலுமிச்சைச் சாற்றை ஒரு காலத்தில் ரம் சேர்த்துத்தான் காத்தார்கள். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்துக்காரர் லாக்லன் ரோஸ், மதுவே இல்லாமல் அதைக் காக்கும் முறைக்கு 1867இல் காப்புரிமை பெற்றார்.

வெல்லம் போடலாமா என்றால், சேமிக்கிற சர்பத்துக்கு வேண்டாம் என்பேன். அதிலுள்ள மண்டியும் ஈரமும் சீக்கிரம் புளிக்க வைக்கும். ராமநவமிக்கு மாநில எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரைக்கிற பானகம் அன்றைக்கே குடித்துத் தீர்க்கிற பானம். வெல்லத்தின் அழகு அங்கேதான்.

ஓசூர் சிப்காட் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தோப்பு ஏது? உழவர் சந்தைக்குப் போனால் காய் கிடைக்கும். அவர்கள் ஆசைப்படுகிற இன்னொன்று ரோஜா சர்பத். ரோஜாவுக்குப் பேர்போன ஊராயிற்றே! இங்கேதான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: பசுமைக்குடில் ரோஜாவைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகிற தாஜ்மஹால் ரகம் நீண்ட காம்புக்கும் வாடாத இதழுக்கும் வளர்க்கப்படுவது. அதில் மணம் சொற்பம். அதன்மேல் தெளித்த மருந்து, உண்ணும் பொருளுக்கென்று அளந்து தெளித்ததல்ல. பூ வியாபாரத்துக்கு அது சரி, குழந்தை குடிக்கிற டம்ளருக்குச் சரியல்ல.

தொட்டியில் மருந்தில்லாமல் வளர்த்த பன்னீர் ரோஜா போதும். 100 கிராம் இதழில் அரை லிட்டர் கொதிநீர் ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். வடித்த நீர் மங்கிப் பழுப்பாக இருக்கும். மனம் தளர வேண்டாம். ஒரு எலுமிச்சையைப் பிழிந்ததும் புளிப்பு பட்டு நிறம் சிவந்து எழும். பிறகு அந்த நீரை அளந்து, அதன் எடைக்கு இரு மடங்கு சர்க்கரை. மேலே சொன்ன மெட்டாபைசல்ஃபைட்டை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள், நிறத்தை வெளுத்துவிடும்.

அடுத்த வாரம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கம் போகிறோம். நன்னாரி வேரைக் கொதிக்க விட்டால் மணம் ஏன் பறந்துபோகிறது, கொடியைக் கொல்லாமல் வேர் எடுப்பது எப்படி என்று பார்க்கலாம்.