பழைய கோழிகளோடு புதுக் குஞ்சுகள்: பத்து வாரம் பொறுங்க!

பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி இருந்தால் வீட்டுக்கு முட்டை கிடைக்கும். மாட்டுக்கொட்டகையில் உண்ணி பொறுக்கும், எருக்குழியைக் கிளறிப் புழு தின்னும். ஆனால் கோழிக்கு வயசு ஏற ஏற முட்டை குறையும். கீரிப்பிள்ளை ஒன்றைத் தூக்கிட்டுப் போகும், விருந்துக்கு ஒன்று போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுக் குஞ்சு சேர்த்தால்தான் கூட்டம் நிலைக்கும்.

அடைக்கோழி இல்லாத நேரத்தில் ஒருநாள் குஞ்சு வாங்கி வருகிறோம். தாயில்லாக் குஞ்சை நேரே பெரிய கோழிகளுக்கு நடுவில் விட்டால் கொத்தியே கொன்னுடும். கொத்துக்குத் தப்பினாலும் நோய்க்குத் தப்புவது கஷ்டம். அதனால் நான் பத்து வாரக் கணக்கு வைத்திருக்கிறேன். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம்: தாயின் சூடு

பெரிய கோழிகள் வராத அறை அல்லது திண்ணையில், அட்டை அல்லது தகரத்தை வட்டமாக நிறுத்துங்க. சதுரமாக வைத்தால் குளிரில் மூலையில் குவிந்து, அடியில் மாட்டிய குஞ்சு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பி, முதல் இரண்டு மூன்று நாள் மேலே காகிதம் விரிக்கணும். இல்லைன்னா தீவனம் என்று நினைத்து உமியைத் தின்னும்.

சூட்டுக்குக் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கு. 20 குஞ்சுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி விளக்கு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேணும். பிறகு வாரம் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லையா? குஞ்சுகளைப் பாருங்க. விளக்குக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர், விலகிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கு என்று அர்த்தம். அதற்கேற்ப விளக்கை ஏற்றி இறக்குங்க. சித்திரை வெயிலில் பகலில் விளக்கே தேவைப்படாது.

வந்ததும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீவனம். கொஞ்சம் கருப்பட்டி கரைத்துக் கொடுத்தால் பயணக் களைப்பு தீரும். தட்டில் கூழாங்கல் போட்டுவிடுங்க, குஞ்சு மூழ்காது. ஈரமான உமியை அன்றே அள்ளிடணும். ரத்தக்கழிச்சல் ஈரத்தில்தான் பெருகும்.

தீவனம்: தானியம் மட்டும் போதாது

கம்பு, மக்காச்சோளம், அரிசிக் குருணையில் புரதம் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வளரும் குஞ்சுக்கு 20 சதவீதம் வரை வேணும். அந்தக் குறையை நிரப்ப நம்மிடமே கரையான் இருக்கு. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் ஏறியிருக்கும். இரண்டாம் வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அசோலாவும் கடலைப் புண்ணாக்கும் நல்லதுதான். ஆனால் பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தொடவே தொடாதீங்க, அதன் நஞ்சு குஞ்சைக் கொன்றுவிடும்.

முட்டைக்கோழிக்கு வைக்கும் கிளிஞ்சல் தூளும் முட்டைக்கோழித் தீவனமும் குஞ்சுக்கு ஆகாது. சுண்ணாம்புச் சத்து அதிகமானால் சிறுநீரகம் கெடும்.

தடுப்பூசி ரசாயனம் இல்லை

இயற்கை வழிக்கு வந்த நண்பர்கள் பலர், "நாட்டுக்கோழிக்கு எதுக்குங்க ஊசி?" என்று கேட்கிறாங்க. வெள்ளைக்கழிச்சல் நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்று பார்ப்பதில்லை. ஊருக்குள் புகுந்தால் சில நாளில் தெருவே காலி. வந்த பிறகு அதற்கு மருந்தே கிடையாது. வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுக்கும் பழக்கம் என்னிடமும் உண்டு. உடம்புக்கு அது துணை செய்யும், தடுப்பூசியின் இடத்தை நிரப்பாது. நோய் பரவும் பகுதியில் தடுப்பூசி போட இயற்கை வேளாண் சான்றிதழ் விதிகளே இடம் தருகின்றன.

ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரம் மறுபடி சொட்டு மருந்து. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. நோயில் வாடும் குஞ்சுக்குப் போடக்கூடாது. மருந்தைப் பனிக்கட்டி வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவரணும், கலந்ததும் சீக்கிரம் போட்டு முடிக்கணும். ஒரு குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்காவது வரும். அதனால் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்க. பக்கத்து வீட்டுக் கோழி தப்பினால்தான் நம்ம கோழியும் தப்பும். உங்க ஊர்க் கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

பார்க்கலாம், தொடக்கூடாது

நான்கு வாரம் வரை இரண்டு கூட்டத்துக்கும் தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு எல்லாம் தனித்தனி. ஒன்றைக் கவனித்துவிட்டு மற்றொன்றுக்குப் போகும்போது கைகால் கழுவிட்டுப் போங்க. நோய் இரண்டு பக்கமும் தாவும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள் வைத்து, பெரிய கோழிகள் மேயும் இடத்தில் நிழலாகப் பார்த்து வைக்கிறேன். முதல் சில நாள் பெருசுகள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்க்கும், வெளியிலிருந்து கொத்தப் பார்க்கும். போகப் போகக் கண்டுகொள்ளாது. காக்காய், பருந்து பயமும் இல்லை. இரவில் குஞ்சுகளுக்குத் தனிக் கூடுதான்.

சேர்க்கும் நாள்

எட்டாம் வார ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்தால் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், உடம்பிலும் பலம் ஏறியிருக்கும். அன்று பொழுது சாய்ந்து, பெரிய கோழிகள் கூட்டில் அடைந்த பிறகு குஞ்சுகளை உள்ளே விடுங்க. ஒன்றிரண்டாக விடாமல் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் கொத்து ஒன்றின் மேலேயே விழாது.

மறுநாள் காலையில் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருங்க. யார் பெரியவர் என்று தீர்மானிக்க நாலு கொத்து விழத்தான் செய்யும், அதற்குள் புகுந்து பிரிக்க வேண்டாம். ரத்தம் வந்தால் மட்டும் அந்தக் குஞ்சை உடனே தனியே எடுத்துடணும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். தீவனமும் தண்ணீரும் மூன்று நான்கு இடத்தில் வையுங்க. பஞ்சாரத்தை நாலு செங்கல் மேல் தூக்கி, குஞ்சு மட்டும் நுழையும் உயரத்தில் வைத்தால் அதற்குள் நிம்மதியாகத் தின்னும்.

அடைக்கோழி இருந்தால்

மூன்று வாரம் அடையில் உட்கார்ந்த கோழி இருந்தால் வேலை பாதியாகும். ஒன்றிரண்டு நாள் வயதுக் குஞ்சுகளை இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் வைத்துவிட்டால், காலையில் தன் குஞ்சு என்றே ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் விடிந்ததும் ஒருமுறை போய்ப் பாருங்க. தள்ளிக் கொத்தினால் எடுத்துவந்து விளக்கடியில் விடணும். சூடு தாய் தரும், தடுப்பூசி மட்டும் நம்ம பொறுப்பு.

வாங்கும் குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். ஆறு முட்டைக்கோழி வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குக் குறையாமல் வாங்குங்க. பட்டைக் கணக்கில் வைத்து, சேவல்களை வளர்த்து விற்றால் தீவனச் செலவுக்கு உதவும்.