பைலட் ஆகணுமா? பணம் கட்டும் முன் கண்ணைப் பரிசோதியுங்கள்!

"அப்பா, நான் பைலட் கோர்ஸ் சேரப்போறேன்!"

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இந்தக் குரல் கேட்கும் வீடுகள் உண்டு. அம்மாவுக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வரும். அப்பா செல்போனை எடுத்துக் கட்டணத்தைத் தேடுவார். திரையில் தெரியும் தொகையைப் பார்த்ததும் அவருக்கு நினைவுக்கு வருவது பீரோவில் இருக்கும் வீட்டுப் பத்திரம்தான்.

இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கையில் வரும்வரை ஆகும் செலவு, இன்று பெரும்பாலும் 40 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஆயுள் சேமிப்பு. ஆனால், இந்தப் பாதையின் முதல் சில படிகளுக்கு லட்சங்கள் தேவையில்லை. அவற்றை வரிசையாக ஏறினாலே போதும். இந்தத் தொழில் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பது, பெரிய தொகையைக் கட்டுவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். பணத்தை முதலில் கட்டிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

மூன்று லைசென்ஸ்கள்

விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸை வழங்குவது, மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். சுருக்கமாக டி.ஜி.சி.ஏ.

முதலாவது, ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ். பைக் ஓட்டப் பழகுபவருக்கு எல்.எல்.ஆர். எப்படியோ, அப்படித்தான் இது. 16 வயது நிறைந்து, பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்காக மட்டுமே பறக்க முடியும். பயணிகளை ஏற்றக் கூடாது.

இரண்டாவது, பிரைவேட் பைலட் லைசென்ஸ். 17 வயதும் குறைந்தது 40 மணி நேரப் பறத்தலும் தேவை. சொந்த விருப்பத்துக்குப் பறக்கலாமே தவிர, சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்ட முடியாது.

மூன்றாவதுதான் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்று ஓட்டியிருக்க வேண்டும். அதற்குள், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறும் 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கி.மீ. பயணமும் அடக்கம்.

காமர்ஸ் படித்த பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் இயற்பியல், கணிதம் ஆகிய இரண்டு பாடங்களை மட்டும் தனியாக எழுதித் தேறிய பிறகு பைலட் பயிற்சிக்கு வந்தவர்கள் பலர். பிரைவேட் லைசென்ஸை இடையில் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதலில் டாக்டர், பிறகு அட்மிஷன்

பல குடும்பங்கள் தலைகீழாகச் செய்வது இதைத்தான். பயிற்சி நிறுவனத்தில் முன்பணம் கட்டிவிட்டு, அதன்பிறகு மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறார்கள்.

ஸ்டூடன்ட் லைசென்ஸுக்கு 'கிளாஸ் 2' மருத்துவச் சான்று வேண்டும். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம்தான் இதைப் பெற முடியும். பார்வை, காது கேட்கும் திறன், ஈ.சி.ஜி., ரத்தம், சிறுநீர் என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு இதைவிடக் கடுமையான 'கிளாஸ் 1' தேவை.

கண்ணாடி போட்டவர்கள் பைலட் ஆக முடியாது என்பது தவறான நம்பிக்கை. கண்ணாடியுடன் பார்வை உரிய அளவுக்கு இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. ஆனால், நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் கனவு அங்கேயே நின்றுபோகலாம். ஓடுபாதை விளக்குகள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் சமிக்ஞை விளக்குகள், வரைபடங்கள் என எல்லாமே நிறத்தை நம்பித்தான் இருக்கின்றன. நிறக்குறை பலருக்குப் பிறவியிலேயே இருக்கும். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஓர் எளிய கண் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்தை, வீட்டை அடமானம் வைத்த பிறகு தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய வேதனை!

வீட்டு மேஜையில் தொடங்கும் படிப்பு

அடுத்த படியும் தரையில்தான். டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் பதிவு செய்து, 'கம்ப்யூட்டர் நம்பர்' என்ற அடையாள எண்ணைப் பெற வேண்டும். வான்வழி அறிதல், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய தாள்களை எழுத இந்த எண் அவசியம். ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 70 சதவிகிதம் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்குத் தனித் தேர்வு உண்டு.

விமானத்தில் கால் வைக்கும் முன்பே இந்தத் தாள்களை முடித்துவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு லாபம் உண்டு. காற்று, மேகம், திசைகாட்டி, கணக்கு என்று மாதக்கணக்கில் படித்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால், அது வெறும் யூனிஃபார்ம் ஆசை இல்லை என்று பெற்றோருக்கும் நம்பிக்கை வரும்.

காலால் திருப்பும் வண்டி

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பார்க்கக்கூடியவை செஸ்னா 152, 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானங்கள். 152-ல் இரண்டே இருக்கைகள், 172-ல் நான்கு. இடதுபக்கம் மாணவர், வலதுபக்கம் பயிற்சியாளர்.

முதல் பாடம் தரையில்தான். மாணவர் விமானத்தைச் சுற்றி நடந்து, இறக்கை, வால், டயர், இன்ஜின் ஆயில் என்று ஒவ்வொன்றையும் பட்டியல்படி சரிபார்க்க வேண்டும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைச் சிறு குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கித் தனியாகத் தெரியும். அந்தத் தண்ணீர் நடுவானில் இன்ஜினை நிறுத்திவிடக்கூடும்.

அடுத்தது, தரையில் ஓட்டுவது. கார் பழக்கத்தில் எல்லோரும் கையிலிருக்கும் ஸ்டீயரிங்கைத் திருப்புவார்கள். விமானம் திரும்பாது! தரையில் விமானத்தைத் திருப்புவது கால் பெடல்கள். நேர்க்கோட்டில் போகப் பழகுவதற்கே சில நாள்கள் ஆகும்.

பிறகு ஓடுபாதை. மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் கைப்பிடியை மெல்ல இழுத்தால், 172 மேலெழும்பத் தொடங்கும். நேராகப் பறப்பது, ஏறுவது, திரும்புவது, இறங்குவது, வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும்போது மீள்வது என்று பாடங்கள் நீளும். அதன்பிறகு, ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்கும் பயிற்சி, திரும்பத் திரும்ப.

"தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வா"

ஒருநாள் பயிற்சியாளர் கதவைத் திறந்து இறங்கிக்கொள்வார். "இப்ப நீ மட்டும் போயிட்டு வா" என்பார். எத்தனையாவது மணி நேரத்தில் அந்த நாள் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து இருக்கை காலி. ஓர் ஆளின் எடை குறைந்ததால், விமானம் வழக்கத்தைவிடச் சட்டென்று மேலேறும். சில நிமிடங்களில் சுற்றிவந்து இறங்கியதும், நண்பர்கள் வாளித் தண்ணீரை ஊற்றிக் கொண்டாடுவது பல இடங்களில் வழக்கம்.

சக மாணவர் முந்திவிட்டாரே என்று பிள்ளையை அவசரப்படுத்த வேண்டாம். 'தயார்' என்று முடிவு செய்ய வேண்டியவர் பயிற்சியாளர்தான்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

* பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா?
* மொத்தம் எத்தனை விமானங்கள் என்பதைவிட, இன்று பறக்கும் நிலையில் எத்தனை இருக்கின்றன?
* ஒரு மாணவர் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் பறக்கிறார்? கடைசியாக முடித்தவர்களுக்கு 200 மணி நேரத்துக்கு எத்தனை மாதங்கள் ஆயின?
* கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அது எழுத்தில் இருக்கிறதா?
* தங்கும் இடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சொன்ன தொகைக்குள் அடங்குமா?

பதிலைப் பள்ளியின் அலுவலகத்தில் மட்டும் கேட்காதீர்கள். கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் சீனியர் மாணவர்களிடமும் கேளுங்கள். விமானமும் பயிற்சியாளரும் போதாத இடத்தில் பயிற்சி இழுத்துக்கொண்டே போகும். வாடகையும் வட்டியும் ஏறும். மருத்துவச் சான்று காலாவதியாகி, மீண்டும் எடுக்க வேண்டிவரும். மழைக்காலமும் வட இந்தியப் பனிமூட்டமும் வேறு நாள்களை விழுங்கும்.

வெளிநாட்டில் சீக்கிரம் முடிக்கலாம் என்று போகிறவர்களும் உண்டு. அவர்கள் திரும்பி வந்ததும் அந்த லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்ற, இங்கே டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுத வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கியதுமே வேலை உறுதி என்று அர்த்தமில்லை. ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானங்களை ஓட்ட, 'டைப் ரேட்டிங்' என்ற தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் பல லட்சங்கள் ஆகும். விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும் வேகமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெரிய கடன் என்பதால், வங்கிகள் பொதுவாகச் சொத்தை அடமானமாகக் கேட்கும். வேலை கிடைக்க ஓரிரு ஆண்டுகள் தாமதமானாலும் தவணையைச் சமாளிக்க முடியுமா என்று குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று உறவினர் யாராவது கேட்டால், ஒரு தகவல். சரளா தக்ரால், புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டியது 1936-ல். அப்போது அவருக்கு 21 வயது. ஒரு பெண் குழந்தையின் தாய். இன்று இந்திய பைலட்களில் சுமார் 15 சதவிகிதம் பேர் பெண்கள். உலக சராசரியைவிட இது பல மடங்கு அதிகம்.

ஆகவே, பிள்ளை "பைலட் ஆகணும்" என்றால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே பத்திரத்தை எடுக்கவும் வேண்டாம். இந்த வாரம் கண் டாக்டரிடம் அழைத்துப்போய் நிறப்பார்வையைச் சோதியுங்கள். அடுத்து கிளாஸ் 2 பரிசோதனை. அது முடிந்ததும் ஒரு வானிலையியல் புத்தகம் வாங்கிக்கொடுங்கள். மூன்று மாதம் கழித்தும் பிள்ளை அதை விடாமல் படித்துக்கொண்டிருந்தால், அப்போது பயிற்சிப் பள்ளிகளின் பட்டியலை இருவருமாகச் சேர்ந்து பார்க்கத் தொடங்கலாம்.