வெட்டி உருவாக்கும் நொதிகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"புரதங்களை வெட்டும் நொதிகளின் வேலை என்ன?" என்று முதலாண்டு வகுப்பில் பேராசிரியர் வினவியபோது, "உணவைச் செரிக்கச் செய்வது" என்று சட்டென விடை கூறினேன். பெப்சினும் டிரிப்சினும் மட்டுமே அன்று நான் அறிந்தவை. "அது பாதி விடை. கருவியல் படித்துவிட்டு மீதியைச் சொல்" என்றார் அவர். அந்த மீதியையே இங்கு எழுத விழைகிறேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் பெப்டைடு பிணைப்புகளை அறுப்பவை இந்நொதிகள். இரைப்பையிலும் குடலிலும் அவை சங்கிலியைத் துண்டு துண்டாக்குகின்றன. கருவிலோ, பெரும்பாலும் குறித்த இடத்தில் ஓரிரு வெட்டுகளோடு நின்றுவிடுகின்றன. அவ்வெட்டினால் உறங்கும் புரதம் ஒன்று விழிக்கும். அல்லது ஒரு தடை நீங்கும்.

கருவுறும் வேளையிலேயே இவற்றின் பணி தொடங்கிவிடுகிறது. சுண்டெலியின் முட்டையுடன் ஒரு விந்தணு இணைந்ததும், முட்டையின் விளிம்பிலுள்ள நுண்மணிகள் ஓவஸ்டாசின் என்னும் நொதியை வெளியிடுகின்றன. அது முட்டையுறையின் இசட்.பி.2 என்ற புரதத்தை வெட்டுகிறது. அதன்பின் வேறு விந்தணு அவ்வுறையைப் பற்ற இயலாது. இரண்டு விந்தணுக்கள் நுழைந்தாலோ, குரோமோசோம் கணக்குப் பிழைத்துக் கரு கெடும்.

பழ ஈயான டிரோசோபிலாவில் நடப்பது இன்னும் வியப்புக்குரியது. கருவின் எப்பக்கம் வயிறு, எப்பக்கம் முதுகு என்பதையே இந்நொதிகள் முடிவு செய்கின்றன! தாய் ஈயின் ஜீன்களைக் கொண்டு உருவான சில நொதிகள், கருவுக்கும் உறைக்கும் இடையிலுள்ள வெளியில் செயலற்றுக் காத்திருக்கின்றன. பின்னர் ஒன்றையொன்று வெட்டி எழுப்புகின்றன. இத்தொடர் வயிற்றுப்புறத்தில் மட்டுமே முடிவுவரை செல்கிறது. 'ஸ்நேக்' என்னும் நொதி 'ஈஸ்டர்' என்னும் நொதியை எழுப்ப, ஈஸ்டர் 'ஸ்பேட்ஸ்லே' என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு, கருவின் மேற்பரப்பிலுள்ள 'டோல்' என்னும் ஏற்பியைப் பற்றுகிறது. அப்பக்கம் வயிறாகிறது. ஈஸ்டர் நொதி அறவே அற்ற தாயின் முட்டையில் வளரும் கருவுக்கு வயிறே இல்லை, சுற்றிலும் முதுகுதான். அது பிழைப்பதில்லை. இவ்வீயின் கரு வளர்ச்சியை ஆளும் ஜீன்களைத் தேடிக் கண்ட கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷௌஸ் ஆகியோர், எட்வர்ட் லூயிஸுடன் 1995-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தவளையில் முறை வேறு. முதுகுப்புறத்தில் சுரக்கும் கார்டின் என்ற புரதம், பி.எம்.பி. என்னும் புரதத்தைச் செயல்படவிடாமல் பிடித்துவைக்கிறது. டோலாய்டு இனத்து நொதி கார்டினை வெட்டியதும் பி.எம்.பி. விடுதலை பெற்று, வயிற்றுப்பக்கத் திசுக்களை உருவாக்கச் செய்கிறது.

கடைசி வெட்டு, வெளிவரும் வேளையில். ஜப்பானிய வயல்நீரில் வாழும் மெடாகா என்ற சிறுமீனின் கரு, இரண்டு பொரிப்பு நொதிகளைச் சுரக்கிறது. முதலாவது முட்டையுறையை ஆங்காங்கே வெட்டி உப்பச் செய்கிறது. இரண்டாவது அதைக் கரைக்கிறது. குஞ்சு வெளியே நீந்துகிறது.

இதையெல்லாம் நான் நன்கு விளங்கிக்கொண்டது தேர்வுக்குப் படித்தபோதன்று. என் தந்தையாருக்கு விளக்கியபோதுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் தையற்காரர். சென்ற கோடை விடுமுறையில் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. "விலங்கியல் படிச்சு மாட்டாஸ்பத்திரியிலா உட்காரப் போறான்? மிஷின்ல உட்காரட்டும்" என்றனர் உறவினர். நானும் படிப்பை நிறுத்திவிட மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு தந்தையார், "அப்படி என்னதாம்ப்பா படிக்கிறே?" என்று கேட்டார். பழ ஈயின் கதையைச் சொன்னேன். கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வெட்டாத துணி சட்டையாகுமா? ஆனா, கத்தரி வைக்கிற எடம் ஒரு விரல் தப்பினா துணியே போச்சு. அந்த ஈக்குள்ள யாருப்பா சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சது?"

எங்கள் வகுப்பில் எவரும் கேட்காத கேள்வி அது! வயிற்றுப்புறத்தைக் குறிக்கும் அடையாளம், முட்டை தாயின் உடலில் உருவாகும்போதே உறையில் இடப்படுகிறது என்றேன். "அப்ப தாய்தான் கோடு போடுறா" என்றார்.

மறுவாரம் விடுதிப் பணத்தை அவரே கொண்டுவந்து கட்டினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு இன்றும் தைக்கிறார்.

பேராசிரியர் அவர்களே, தாங்கள் கேட்ட மீதி விடை இதுதான்: வயிற்றில் உணவைச் சிதைக்கும் அதே இன நொதிகள், கருவில் இடமறிந்து வெட்டி, உடலுக்கு உருவம் தருகின்றன.