தரவுக் கிடங்கும் தரவு அகழ்வும்

தோட்ட அலுவலகத்தில் பல கணக்குப் புத்தகங்கள் உண்டு. பெரட்டுப் பெயர்ப்பதிவு ஒன்று. பால் நிறுவைக் கணக்கு மற்றொன்று. மழைக் கணக்கு வேறொன்று. ஆயினும், “ஏழாம் நம்பர் காட்டில் ஐந்தாண்டுகளாகப் பால் குறைந்து வருவது ஏன்?” என்று வினவினால், எந்தப் புத்தகமும் தனித்து விடை கூறாது.

இக்குறையைப் போக்கக் கணினித் துறையினர் அமைப்பதே தரவுக் கிடங்கு. தரவு என்பது பதிவு செய்யப்பட்ட விவரம். அன்றாடக் கணக்கை எழுதும் கணினி வேறு, கிடங்கு வேறு. பல இடங்களிலுள்ள விவரங்களைத் திரட்டி, பிழை நீக்கி, ஒரே அளவைக்கு மாற்றி, தேதியுடன் கிடங்கில் சேர்ப்பர். ஒரு புத்தகத்தில் “7” என்றும் மற்றொன்றில் “ஆற்றோரக் காடு” என்றும் இருப்பின், இரண்டும் ஒன்றே என முதலில் தெளிவுபடுத்துவர். புதிய கணக்கு வந்தாலும் பழையது அழிக்கப்படுவதில்லை. அமெரிக்க அறிஞர் பில் இன்மன் 1992இல் வெளியிட்ட நூல் இம்முறையை விரிவாக விளக்கியது.

இவ்வாறு சேர்ந்த குவியலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத தொடர்புகளைக் கணினியின் துணையால் தேடி எடுப்பதே தரவு அகழ்வு ஆகும்.

இதனால் தொழிலாளருக்கு என்ன? குறைவாகப் பால் கொணர்ந்தோர் பட்டியலை மட்டும் நோக்கினால், “இவர் சோம்பல் மிக்கவர்” என்ற முடிவு எழக்கூடும். மரத்தின் வயது, மழை நாள், இலையுதிர் காலம் ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தால், அக்காட்டில் யார் வெட்டினும் பால் குறைவது தெரியவரலாம். அப்போது ஐயம் ஆளை விட்டு மரத்தின்மேல் திரும்பும். எனினும் கணினி காட்டுவது தொடர்பையே, காரணத்தை அன்று. பட்டை வறட்சி நோயா, வேறு குறையா என்பதை நேரில் சென்று மரத்தைப் பார்த்தே உறுதி செய்தல் வேண்டும்.

கிடங்கில் புழுத்த நெல்லைக் கொட்டினால் நல்ல அரிசி கிடைக்காது. தவறான நிறுவையும் விடுபட்ட பெயரும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பிழையான முடிவுக்கு வழிகோலும். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளர் பதிவேடு வைத்திருப்பது முதலாளியின் கடமை. அப்பதிவு சரியாக இருக்கக் கவனித்தல் நமது பொறுப்பும் ஆகும். எனவே, பால் நிறுக்கும்போது எழுதப்படும் எடையைப் பாருங்கள். பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா எனச் சோதியுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிழை கண்டால் அன்றே கிராணியாரிடம் கூறித் திருத்திக்கொள்ளுங்கள்.