முதல் மழையும் இளம்புல்லும்

புரட்டாசி பிற்பாதியில் காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் காற்றின் போக்கு மாறிவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓயாமல் அடித்த மேல்காற்று அடங்கி, மாலை வேளைகளில் இடியுடன் மழை இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்னோடியான இந்த இடிமழை இரண்டு மூன்று கிடைத்தாலே போதும். கிளுவை வேலிக்குள் காய்ந்து கிடந்த கொறங்காடு பச்சை பிடித்துவிடும். வெள்வேல மரங்களின் கீழ் கொழுக்கட்டைப் புல் தூர் விட்டுக் கிளம்பும். தோட்டத்தில் ஈசல் பறக்க, கோழிகள் ஓடி ஓடிப் பிடிக்கும்.

மாதக்கணக்கில் சோளத்தட்டை மட்டுமே கடித்துக்கொண்டிருந்த ஆடுமாடுகளை உடனே பச்சையில் இறக்கிவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் பாடுபட்டு வளர்த்த ஆடுகளை ஓரிரு நாளில் பறிகொடுப்பதும் இந்த நாட்களில்தான்.

கொழுத்த ஆடு முதலில் சாகும்

மாலையில் வயிறு முட்ட மேய்ந்து திரும்பிய ஆடு, விடியும்போது பட்டியில் செத்துக் கிடக்கும். பாம்பு தீண்டியது என்றும், கண்பட்டது என்றும் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் காரணம் துள்ளுமாரி நோயே. இந்த நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் நல்ல ஆட்டின் குடலிலும் சிறிதளவு இருக்கிறது. உலர்தீவனம் தின்று பழகிய வயிற்றில் இளம்புல் திடீரென நிறையும்போது அது அளவின்றிப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அதிகமாகத் தின்னும் திடமான ஆடுகளே முதலில் பலியாகின்றன. சில ஆடுகள் துள்ளி விழுந்து, கால்களை உதைத்து உயிர்விடும். பல ஆடுகளுக்கு அறிகுறி காட்டக்கூட நேரம் இருப்பதில்லை.

நோய் வந்தபின் காப்பாற்றுவது அரிது. மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவதுதான் வழி. முதன்முறையாகப் போடும் ஆடுகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறையும் போட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் ஒருமுறை போதும். ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தே எதிர்ப்புச் சக்தி உண்டாகும் என்பதால், புல் முளைத்தபின் ஊசியைத் தேடுவதில் பயன் குறைவு.

திடீரெனச் செத்த ஆட்டை அறுக்கவோ, தோலை உரிக்கவோ, கறிக்கு விற்கவோ கூடாது. மனிதருக்கும் தொற்றும் அடைப்பான் நோயினாலும் இத்தகைய சாவு நேரலாம். கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

சோளத் துளிரில் நஞ்சு

மாட்டுக்கு வரும் ஆபத்து வேறு. கோடைமழைக்கு விதைத்து அறுத்த சோளக்காட்டில், புதுமழைக்குக் கட்டைகள் துளிர்க்கும். இந்தத் துளிரிலும், மழையின்றி வாடிக் குறுகி நின்ற இளம்பயிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு மிகுந்திருக்கிறது. மேய்ந்த சிறிது நேரத்திலேயே மாடு மூச்சு வாங்கி, நுரை தள்ளி, தள்ளாடி விழும். கண் இமையின் உட்புறம் செக்கச்செவேலென்று இருக்கும். கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இதற்கான மாற்று மருந்தை அவர் இரத்தக்குழாயில் செலுத்தினால் மாடு பிழைக்க வாய்ப்பு உண்டு.

சோளத்தைப் பூத்தபின் அறுத்துப் போடுவதே பாதுகாப்பானது. பலமுறை அறுக்கும் கோ.எப்.எஸ். 29 ரகத்தை விதைத்த 65 நாளில் முதல் முறையும், பிறகு 50 நாளுக்கு ஒருமுறையும் அறுக்கலாம். முன்னதாக வெட்ட நேர்ந்தால் வெயிலில் நன்கு காயவைத்த பின்பே போட வேண்டும்.

பதினைந்து நாள் பொறுமை

மழை பெய்து புல் தலைகாட்டியதும் கொறங்காட்டின் கடவை அடைத்து, இரண்டு வாரமாவது பொறுப்பது நல்லது. இது ஆட்டுக்கு மட்டுமல்ல, புல்லுக்கும் நன்மை. தூரில் சேர்ந்திருக்கும் சத்தைச் செலவிட்டுத்தான் புல் முதல் இலையை விடுகிறது. அதைக் கடித்துவிட்டால் மறு இலை விட வலு இருக்காது. ஈரமண்ணில் தூரோடும் பிடுங்கிக்கொண்டு வரும். பொறுத்தவர் காட்டில் புல் கதிர் விட்டு விதையும் உதிர்க்கும். சொட்டை விழுந்த இடங்களில் கொழுக்கட்டைப் புல் விதை மூன்று பங்கும் முயல்மசால் விதை ஒரு பங்கும் கலந்து தூவவும் இதுவே தருணம்.

அதுவரை ஆடு என்ன தின்னும் என்ற கேள்வி நியாயமானது. புரட்டாசியில்தான் தட்டுப்போர் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். எனவே இந்த இருப்பை ஆடியிலேயே கணக்கிட்டு ஒதுக்க வேண்டும். ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர்தீவனம் என்றாலும், 20 ஆடுகளுக்கு 15 நாளைக்கு 150 கிலோ போதும். மீதி வயிற்றுக்குக் கோடையில் பொறுக்கி வைத்த வேலங்காயும், ஆலந்தழை, வேப்பந்தழையும் கைகொடுக்கும்.

மேய்ச்சலைத் தொடங்கும்போது காலையில் தட்டு போட்டு அரை வயிறு நிரப்பிய பின்பே ஓட்ட வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் போதும். பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம். புல் நுனியில் ஈரம் இருக்கும்போது குடற்புழுவின் இளம்புழுக்கள் அங்கே ஏறியிருக்கும். ஆகவே ஈரம் உலர்ந்தபின் மேய்ப்பதே நல்லது. மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும்.

பட்டியை மேட்டுக்கு மாற்றி நீர் தேங்காமல் வாய்க்கால் எடுப்பதும், நனைந்து பூஞ்சணம் பிடித்த கடலைக்கொடியையும் பிண்ணாக்கையும் தயங்காமல் ஒதுக்குவதும் அவசியம். கோழிக் கூட்டின் தரையும் ஈரமின்றி இருந்தால் இரத்தக் கழிச்சல் குறையும்.

முதல் மழையின் பச்சை கண்ணுக்கு விருந்து. இரண்டு வாரம் காத்திருந்தால் அது மந்தைக்கும் விருந்தாகும்.